ஸ்னாப்ஷாட்டும் பேக்கப்பும் இடத்தைத் தின்பது எப்படி? வீட்டு சர்வர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒரு சர்வர் ஓட்டுகிற எல்லோரும் ஒருநாள் 'இடம் எங்கே போச்சு?' என்று தலையைச் சொறிந்திருப்போம். டிஸ்க்கில் இருக்கிற ஃபைல்களைக் கூட்டினால் ஒரு கணக்கு, சர்வர் காட்டுவது வேறு கணக்கு. நடுவில் விழுந்த பள்ளத்தில் பெரும்பாலும் ஸ்னாப்ஷாட்டோ (ஒரு நேரத்தில் டேட்டா இருந்த நிலையைப் பிடித்து வைப்பது) பழைய பேக்கப்போ உட்கார்ந்திருக்கும். கீழே உள்ள பதில்களில் ஸ்னாப்ஷாட் வசதி உள்ள ஃபைல் சிஸ்டங்களான இசட்எஃப்எஸ்ஸும் பிடிஆர்எஃப்எஸ்ஸும் அதிகம் வரும். லினக்ஸில் டிஸ்க்கைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம், பேக்கப் மென்பொருள்களான ரெஸ்டிக், போர்க் போன்றவை தேவையான இடத்தில் வரும்.

600 ஜிபி வீடியோவை அழித்தேன். காலி இடம் ஒரு எம்பி கூட ஏறவில்லை. ஏன்?

நீங்கள் அழித்தது ஃபோல்டரில் தெரிந்த பெயரை. அந்த வீடியோ எழுதப்பட்டிருக்கும் பிளாக்குகளை (டிஸ்க்கில் டேட்டா உட்காரும் சிறு துண்டுகளை) பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு ஃபைல் சிஸ்டங்களும் பழைய பிளாக்கின் மேலேயே எழுதுவதில்லை. ஒரு ஃபைலைத் திருத்தினால், மாறிய பகுதியை வேறு காலி இடத்தில் எழுதிவிட்டு, 'இனி இங்கே பார்' என்று சுட்டியை மாற்றிக்கொள்கின்றன. பழைய பிளாக் யாருக்கும் வேண்டாம் என்றால் காலி கணக்கில் சேரும். ஸ்னாப்ஷாட் எடுப்பது என்றால், அந்த நேரத்தில் இருந்த சுட்டிகளை அப்படியே பத்திரப்படுத்துவது. அதனால்தான் 2 டிபி டேட்டாவுக்கும் ஒரு நொடியில் ஸ்னாப்ஷாட் எடுக்க முடிகிறது. எடுத்த கணத்தில் அது கிட்டத்தட்ட எந்த இடத்தையும் தின்பதில்லை. புதிதாக எதையும் கேட்காது, பழையதை விடாது, அவ்வளவுதான். அந்த 600 ஜிபியைப் பார்த்த கடைசி ஸ்னாப்ஷாட் போகும் வரை இடம் திரும்பாது.

ஸ்னாப்ஷாட் பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நேரே சில எம்பிதான் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினாலும் 2 ஜிபி வரவில்லையே?

நானும் இதே இடத்தில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இசட்எஃப்எஸ் ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு நேரே காட்டும் 'யூஸ்ட்' எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான்: இந்த ஒன்றை மட்டும் இப்போது அழித்தால் எவ்வளவு திரும்பும்? ஒரு பிளாக்கை இரண்டு ஸ்னாப்ஷாட்டுகள் பகிர்ந்துகொண்டால், இதை அழித்தாலும் அது பிடித்திருக்கும், அதை அழித்தாலும் இது பிடித்திருக்கும். ஆக இரண்டுக்கு நேரேயும் அந்த பிளாக் பூஜ்யம்.

என் கதை இது. வீடியோக்களை சர்வரில் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. தினம் ஒன்றாக 31 ஸ்னாப்ஷாட். வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு இங்கே அழித்தேன். பட்டியலில் எல்லாம் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. முதல் ஸ்னாப்ஷாட்டை அழித்தேன், ஒன்றும் வரவில்லை. பத்து அழித்தேன், இருபது அழித்தேன், காலி இடம் அசையவே இல்லை. இரண்டு மிஞ்சியபோதும் இரண்டுக்கும் நேரே கிட்டத்தட்ட பூஜ்யம். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். ஒன்றை அழித்ததும், மிச்சமிருந்த ஒரே ஒரு ஸ்னாப்ஷாட்டின் எண் பூஜ்யத்திலிருந்து 600 ஜிபிக்குத் தாவியது. அதுவரை 31 பேரும் சேர்ந்து பிடித்திருந்த கயிற்றை இப்போது ஒருவர் மட்டும் பிடித்திருந்தார்.

ஆகவே தனித்தனி எண்களைக் கூட்டிப் பார்ப்பதில் பயனில்லை. டேட்டாசெட்டின் (இசட்எஃப்எஸ்ஸில் தனி அமைப்புகளோடு பிரித்து வைக்கும் பகுதி) மொத்தக் கணக்கில் 'யூஸ்ட்ஸ்னாப்' என்று ஒரு பத்தி இருக்கும். எல்லா ஸ்னாப்ஷாட்டுகளும் சேர்ந்து பிடித்திருப்பது அதில் சரியாகத் தெரியும். அப்புறம், அழிக்கும் கட்டளையிலேயே ஒத்திகை பார்க்கும் வசதி இருக்கிறது. முதல் ஸ்னாப்ஷாட், கடைசி ஸ்னாப்ஷாட் இரண்டின் பெயரையும் நடுவில் சதவீதக் குறி போட்டுக் கொடுத்து, ஒத்திகைத் தெரிவையும் சேர்த்தால், இந்த வரிசை முழுக்கப் போனால் எத்தனை ஜிபி திரும்பும் என்று எதையும் தொடாமலே சொல்லிவிடும். எனக்கு இது தெரிந்திருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

மணிக்கு ஒன்று எடுத்தால், நாளுக்கு ஒன்று எடுப்பதைவிட 24 மடங்கு இடம் போகுமா?

டேட்டா எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மிச்சம் தானாகப் புரியும்.

புகைப்படம், பாட்டு, ஸ்கேன் செய்த ஆவணம் இவையெல்லாம் ஒருமுறை எழுதப்படும், அப்படியே கிடக்கும், என்றாவது அழிக்கப்படும். இவற்றுக்கு எண்ணிக்கை பொருட்டே இல்லை. ஒரு படத்தை இன்று அழித்தால், அதைப் பார்த்த கடைசி ஸ்னாப்ஷாட் எப்போது காலாவதியாகிறதோ அப்போது இடம் திரும்பும். நடுவில் 30 ஸ்னாப்ஷாட் இருந்தாலும் 700 இருந்தாலும் அந்தப் படம் பிடித்திருப்பது ஒரே பங்கு இடம்தான். இங்கே செலவைத் தீர்மானிப்பது வயது.

டேட்டாபேஸும் விர்ச்சுவல் மெஷின் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) டிஸ்க்கும் வேறு ஜாதி. அங்கே அதே பிளாக்குகள் திரும்பத் திரும்ப எழுதப்படும். ஒரு விர்ச்சுவல் மெஷினில் அதே 1 ஜிபி பகுதி மணிக்கொருமுறை மாறுகிறது என்று வையுங்கள். நாளுக்கு ஒரு ஸ்னாப்ஷாட் என்றால் ஒரு நாளைக்கு ஒரு பழைய பதிப்புதான் மிஞ்சும். 30 நாளில் 30 ஜிபி. மணிக்கு ஒன்று எடுத்து அதையும் 30 நாள் வைத்திருந்தால் 720 பதிப்பு, 720 ஜிபி. இங்கே எண்ணிக்கைதான் ஆளைக் கொல்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இசட்எஃப்எஸ்ஸில் பெரிய ஃபைல்கள், நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், 128 கேபி துண்டுகளாக எழுதப்படும். டேட்டாபேஸ் அதில் 8 கேபி மாற்றினாலும் முழுத் துண்டும் புதிதாக எழுதப்படும், பழைய துண்டு முழுசாக ஸ்னாப்ஷாட்டில் தங்கும். டேட்டாபேஸுக்குத் தனி டேட்டாசெட் போட்டு ரெக்கார்ட் அளவை, அதாவது இந்தத் துண்டின் அளவை, 16 கேபி மாதிரி குறைப்பது வேகத்துக்காக மட்டும் செய்வதல்ல.

கண்காணிப்பு கேமரா ஏழு நாளைக்கு மேல் ஆன பதிவைத் தானாக அழித்துவிடுகிறது. அப்படியும் டிஸ்க் நிரம்புகிறதே?

கணக்கு போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிவு செய்யும் ஒரு கேமரா, நொடிக்கு அரை எம்பி எழுதும். ஒரு நாளைக்கு 43 ஜிபி. ஏழு நாளுக்கு சுமார் 300 ஜிபி. நீங்கள் மனதில் வைத்திருக்கும் எண் இது.

அந்த ஃபோல்டரையும் தினசரி ஸ்னாப்ஷாட்டில் சேர்த்து 30 நாள் வைத்திருந்தால், முப்பது நாளுக்கு முந்தைய ஸ்னாப்ஷாட் அன்றைக்கு இருந்த ஏழு நாள் பதிவையும் பிடித்திருக்கும். ஆக டிஸ்க்கில் 37 நாள் பதிவு: 1.6 டிபி. ஒரே ஒரு கேமராவுக்கு!

கேமரா, டவுன்லோடு, வீடியோ மாற்றும் மென்பொருளின் தற்காலிக ஃபோல்டர், கேஷ் இவற்றுக்கெல்லாம் தனி டேட்டாசெட் அல்லது (பிடிஆர்எஃப்எஸ்ஸில் அதற்கு இணையான) தனி சப்வால்யூம் போட்டு ஸ்னாப்ஷாட்டை நிறுத்திவிடுங்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இது இன்னும் எளிது. ஒரு சப்வால்யூமுக்குள் இன்னொன்று இருந்தால், வெளியே எடுக்கும் ஸ்னாப்ஷாட் உள்ளே இருப்பதைத் தொடாது. (இதே குணம், உள்ளே இருப்பதும் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியவர்களைக் கவிழ்த்தும் இருக்கிறது.)

விர்ச்சுவல் மெஷினுக்குள்ளே 100 ஜிபி அழித்தேன். ஹோஸ்ட்டில் எதுவும் மாறவில்லை. இதுவும் ஸ்னாப்ஷாட்டா?

ஒருவேளை இல்லை. உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் அழித்ததை வெளியே இருக்கும் ஹோஸ்ட்டுக்கு (விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் நிஜ சர்வருக்கு) சொன்னால்தான் தெரியும். அதற்கு விர்ச்சுவல் டிஸ்க்கில் டிஸ்கார்ட் அமைப்பை இயக்கி, உள்ளே டிரிம் (எந்த பிளாக்குகள் இனி வேண்டாம் என்று அறிவிக்கும் வேலை) ஓட வேண்டும். அதற்கப்புறமும் இடம் வரவில்லை என்றால்தான் ஸ்னாப்ஷாட்டைச் சந்தேகியுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் டிஃப்ராக்மென்ட் ஓட்டினேன். இடம் கூடும் என்று நினைத்தால் குறைந்துவிட்டது.

டிஃப்ராக்மென்ட், சிதறிக் கிடக்கும் ஃபைலை ஒரே இடத்தில் சேர்க்கப் புதிதாக எழுதுகிறது. அந்தக் கணமே ஸ்னாப்ஷாட்டோடு இருந்த பகிர்வு அறுந்து, ஒன்று இரண்டாகிறது. இசட்எஃப்எஸ்ஸில் கம்ப்ரஷனை இயக்கிவிட்டு, பழைய டேட்டாவும் சுருங்கட்டும் என்று எல்லாவற்றையும் மறுபடி எழுதினாலும் இதே கதிதான். புகைப்படங்களுக்கு மொத்தமாகக் குறிச்சொல் போடுவதும் அப்படியே. பல மென்பொருள்கள் ஒரு குறிச்சொல்லுக்காக முழுப் படத்தையும் புதிய ஃபைலாக எழுதும். 300 ஜிபி படத்தொகுப்பில் ஒரு மாலை வேலை, 300 ஜிபி செலவு.

ஸ்னாப்ஷாட் இருக்கும்போது பேக்கப் எதற்கு?

ஸ்னாப்ஷாட் மூல டேட்டா இருக்கும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்து போகும். ஸ்னாப்ஷாட் கை தவறி அழித்ததற்கு. பேக்கப் மற்ற எல்லாவற்றுக்கும்.

ரெஸ்டிக்கில் பழைய பேக்கப்புகளை நீக்கச் சொன்னேன். பட்டியலிலிருந்து போய்விட்டன, இடம் மட்டும் வரவில்லை.

ரெஸ்டிக், போர்க், பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் மூன்றும் டேட்டாவைத் துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்கின்றன. ஒரு பேக்கப் என்பது 'இந்தத் துண்டு, அந்தத் துண்டு' என்ற பட்டியல்தான். பட்டியலைக் கிழிப்பது ஒரு வேலை, யாருக்கும் வேண்டாத துண்டுகளைத் தேடி எடுத்துப் போடுவது இன்னொரு வேலை.

ரெஸ்டிக்கில் முதலாவது 'ஃபர்கெட்', இரண்டாவது 'புரூன்'. முதலாவதை மட்டும் ஓட்டினால் இடம் திரும்பாது. போர்க் 1.2 பதிப்பிலிருந்து, இடத்தை விடுவிக்கும் 'காம்பாக்ட்' தனிக் கட்டளை ஆகிவிட்டது. பழைய ஸ்கிரிப்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு பதிப்பை மட்டும் உயர்த்தியவர்களின் சேமிப்பு சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டே போகும். பிராக்ஸ்மாக்ஸில் குழப்பம் வேறு வகை: அங்கே முதல் வேலைக்குப் பெயர் 'புரூன்', இடத்தை விடுவிப்பது 'கார்பேஜ் கலெக்ஷன்'. அதுவும் 24 மணி 5 நிமிடத்துக்குள் தொடப்பட்ட துண்டுகளை நீக்காது. இப்போது நீக்கினேன், இப்போதே ஓட்டினேன், ஒன்றும் வரவில்லை என்று பதற வேண்டாம். நாளை ஓட்டிப் பாருங்கள்.

'30 நாள் வைத்திரு' என்றுதான் கொடுத்தேன். 60 நாள் டேட்டா கிடக்கிறதே?

மாதம் ஒரு முழு பேக்கப், தினம் ஒரு மாற்றப் பேக்கப் என்று சங்கிலியாக எடுக்கும் முறையில் இது நடக்கும். மாதக் கடைசியில் நிற்கிறீர்கள். முப்பது நாளுக்கு முந்தைய நிலை வேண்டுமென்றால் போன மாதக் கடைசி மாற்றம் வேண்டும். அது போன மாத முதல் தேதி முழு பேக்கப்பின் மேல் நிற்கிறது. ஆக அந்தச் சங்கிலி முழுசும் இருந்தாக வேண்டும். அடியில் இருக்கும் கல்லை உருவ முடியாது.

அடுக்கடுக்காக வைத்திருக்கும் காலமும் கூடிக்கொள்ளும். நெக்ஸ்ட்கிளவுடில் (சொந்த சர்வரில் ஓட்டும் ஃபைல் பகிர்வு மென்பொருள்) ஒரு ஃபைலை அழித்தால், நீங்கள் எதையும் மாற்றாதவரை, குப்பைத் தொட்டியில் பொதுவாகக் குறைந்தது 30 நாள் கிடக்கும். அங்கிருந்து போன பிறகுதான் உங்கள் 90 நாள் ஸ்னாப்ஷாட்டின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மொத்தம் குறைந்தது 120 நாள். யாரும் இதைத் திட்டமிட்டு 120 என்று வைப்பதில்லை.

ஒரே மாதிரித் துண்டு ஒருமுறைதான் சேரும் என்றால், என் தினசரி பேக்கப் ஏன் 6 ஜிபி, 6 ஜிபியாக ஏறுகிறது?

டேட்டாபேஸை ஏற்றுமதி செய்து, ஜிஜிப்பில் சுருக்கி, அதை பேக்கப்புக்குள் போடுகிறீர்களா? பெரும்பாலும் அதுதான். சுருக்கிய ஃபைலில் தொடக்கத்தில் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பிறகு வரும் பைட்டுகள் எல்லாம் வேறாகிவிடும். பேக்கப் மென்பொருளுக்கு அது முழுக்கப் புதிய ஃபைல். 30 நாளில் 180 ஜிபி. சுருக்காமல் கொடுத்துவிடுங்கள், ரெஸ்டிக்கின் இப்போதைய பதிப்புகளும் போர்க்கும் தாங்களே சுருக்கிக்கொள்ளும், ஆனால் துண்டு வெட்டிய பிறகு. அந்த வரிசைதான் முக்கியம். சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஜிஜிப்பில் ஆர்சிங்க்குக்கு (மாறியதை மட்டும் நகலெடுக்கும் கருவி) ஏற்ற மாதிரி சுருக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள்.

ஆர்சிங்க்கும் ஹார்ட்லிங்க்கும் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) வைத்து பேக்கப் எடுக்கும் முறையில் கணக்கு ஃபைல் அளவில்தான். 50 ஜிபி ஃபைலில் ஒரு பைட் மாறினால் இன்னொரு 50 ஜிபி. ஃபோல்டரின் பெயரை மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் புதிதாக வந்ததாகவே எண்ணி மறுபடி நகலெடுக்கும்.

இரண்டாவது சர்வருக்கு ஸ்னாப்ஷாட்டை அனுப்புகிறேன். இங்கே ஒரு பழைய ஸ்னாப்ஷாட் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

மாற்றத்தை மட்டும் அனுப்ப, இரு பக்கமும் பொதுவான ஒரு ஸ்னாப்ஷாட் வேண்டும். எதிர்முனை மூன்று மாதம் அணைந்து கிடந்தால், இங்கே மூன்று மாதத்துக்கு முந்தைய அந்தப் பொது ஸ்னாப்ஷாட்டும் அதோடு காத்திருக்கும்; அந்த நாளிலிருந்து மாறியதும் அழிந்ததும் எல்லாம் அதன் மடியில். சில கருவிகள் அதன் மேல் 'ஹோல்டு' என்ற பூட்டும் போட்டிருக்கும்.

இசட்எஃப்எஸ்ஸில் இதற்கு 'புக்மார்க்' என்று ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. எந்த நேரத்து நிலையிலிருந்து அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அது நினைவில் வைத்திருக்கும், டேட்டாவைப் பிடித்துக்கொள்ளாது. அனுப்பும் பக்கத்தில் ஸ்னாப்ஷாட்டுக்குப் பதில் புக்மார்க் போதும். பெறும் பக்கத்தில் அந்த ஸ்னாப்ஷாட் கட்டாயம் இருக்க வேண்டும்.

எப்போதோ சோதனைக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகளையும் தேடுங்கள். தானாக நீக்கும் கருவி தான் பெயர் வைத்ததை மட்டுமே தொடும். 'அப்டேட்டுக்கு முன்' என்று நீங்கள் பெயர் வைத்தது வருடக்கணக்கில் நிற்கும். என் சர்வரில் அப்படி ஒன்று இரண்டு வருடம் நின்றது.

டிஸ்க் 100 சதவீதம் நிரம்பிவிட்டது. முதலில் என்ன செய்வது?

முதலில், எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள்: டவுன்லோடு, கேமரா, இரவு பேக்கப். அப்புறம் ஃபைல்களை அழிக்க ஓடாதீர்கள். அவை ஸ்னாப்ஷாட்டில் இருந்தால் இடம் வராது. புதிதாக எழுதித்தான் எதையும் மாற்ற முடியும் என்பதால், நிரம்பிய நிலையில் அழிக்கும் வேலையே 'இடமில்லை' என்று தோற்கவும் கூடும். மேலே சொன்ன ஒத்திகையை ஓட்டி, பழைய ஸ்னாப்ஷாட்டுகளை வரிசையாக நீக்குங்கள். பெரிய நீக்கம் பின்னணியில் நடக்கும். இசட்எஃப்எஸ்ஸில் 'ஃப்ரீயிங்' என்ற எண் பூஜ்யம் ஆகும் வரை பொறுங்கள்.

எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து வேறு. அதற்கென ஒதுக்கிய இடம் நிரம்பினால் அந்த ஸ்னாப்ஷாட்டே செல்லாததாகிவிடும். மூல டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நீங்கள் நம்பியிருந்த பழைய நிலை போய்விடும்.

மறுபடி இந்த நிலை வராமலிருக்க ஒதுக்கீடு வைக்கலாம். இசட்எஃப்எஸ்ஸில் 'கோட்டா' ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்துக் கணக்கிடும், 'ரெஃப்கோட்டா' இப்போதிருக்கும் ஃபைல்களை மட்டும். வீட்டிலுள்ளவர்களுக்கு ஒதுக்கும்போது இரண்டாவதையே வையுங்கள். அழித்தும் இடம் வரவில்லை என்று அவர்கள் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

சரி, எத்தனை வைத்திருக்கலாம்?

ஒரே விதியை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. ஆவணங்களுக்கு மணிக்கு ஒன்றாக 24, நாளுக்கு ஒன்றாக 30, மாதத்துக்கு ஒன்றாக 12 வைத்தாலும் பெரிதாக எதுவும் போகாது. படம், பாட்டு, வீடியோவுக்கு தினசரி 7 போதும். விர்ச்சுவல் மெஷினுக்கும் டேட்டாபேஸுக்கும் மணிக்கணக்கு ஸ்னாப்ஷாட்டை ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள், தினசரி 7 வையுங்கள். நீண்ட வரலாறு வேண்டுமென்றால் பேக்கப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியோடு வரும் அமைப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். தானாக ஸ்னாப்ஷாட் எடுத்து நீக்கும் கருவியான ஸ்னாப்பரின் மூல அமைப்பில் மணி, நாள், மாதம், ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 10 என்று இருக்கும். ஆம், பத்து ஆண்டு. ரெஸ்டிக்கில் 'தினசரி 7' என்றால் காலண்டரில் கடைசி ஏழு நாள் அல்ல, பேக்கப் நடந்த கடைசி ஏழு நாள். நடுவில் ஒரு மாதம் சர்வர் அணைந்திருந்தால் அதற்கு முந்தையவையும் கணக்கில் நிற்கும்.

4 டிபி டிஸ்க் வாங்கினேன், 3.64 என்று காட்டுகிறது. இதையும் ஸ்னாப்ஷாட் தின்றுவிட்டதா?

இல்லை. பெட்டியில் போட்டிருப்பது ஆயிரத்தின் பெருக்கம், சர்வர் எண்ணுவது 1024இன் பெருக்கம்.

எந்த நாளில் இடம் போனது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. இசட்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் 'ரிட்டன்' என்று ஒரு எண் இருக்கிறது: முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு புதிதாக எழுதப்பட்டவற்றில் இந்த ஸ்னாப்ஷாட்டில் இருப்பது எவ்வளவு. 'யூஸ்ட்' போல மற்றவற்றை அழிக்கும்போதெல்லாம் தாவிக்கொண்டிருக்காது; எது உள்ளே வந்தது என்று நேராகச் சொல்லும். எனக்கு ஒரு சாதாரண நாள் 2 அல்லது 3 ஜிபி என்று வரும். 80 ஜிபி காட்டும் நாளைப் பிடித்து, அந்த ஸ்னாப்ஷாட்டுக்கும் அதற்கு முந்தையதற்கும் இடையே எந்த ஃபைல்கள் மாறின என்று 'டிஃப்' கேட்டால் ஆள் அகப்படுவார்.

இந்த எண்ணை தினமும் எனக்கு அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். இடத்துக்காக மட்டும் அல்ல. ஏதாவது வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்ட ஆரம்பித்தால், ஒவ்வொரு ஃபைலும் மறுபடி எழுதப்படும். பழையது ஸ்னாப்ஷாட்டில் நிற்க, புதியது பக்கத்தில் குவிய, இந்த எண் ஒரே நாளில் நூறு மடங்காகும். இதுவரை அப்படித் தாவியது ஒருமுறைதான். பூட்டியது யாருமில்லை, நானேதான் படங்களுக்குக் குறிச்சொல் போட்டுக்கொண்டிருந்தேன்.